கொடிக்கயிறும் கோல்டன் டியூக்கும்

பெருமதிப்பிற்குரிய கண்ணையன் மாமாவுக்கு, அக்காள் மகள் புஷ்பவல்லி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், குதிரை நால்வரும் நலம். அங்கே நீங்களும் கிண்டி லாயத்துக் குதிரைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இக்கடிதத்தில் நடந்ததையெல்லாம் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாகவே எழுதப் போகிறேன்.

கோல்டன் டியூக் ஓடுகிறதா என்று கேட்டிருந்தீர்கள். ஓடினால் முதலாளி மறுபடியும் பந்தயத்துக்கு அழைத்துக்கொள்வார், ஓடாவிட்டால் எங்களுக்கே விட்டுவிடுவார், பார்த்துவர ஓர் ஆள் வருவார் என்றும் எழுதியிருந்தீர்கள். "ஓடலன்னு ஒரு வரி எழுதிப் போட்டுடு" என்றார் அப்பா. உங்களிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிண்டியில் தொடர்ந்து ஜெயித்து, ஊட்டியில் கோப்பை வாங்கி, அந்த ஊர் மழைச் சேற்றிலேயே கால் பிசகிய குதிரையைச் சுடச் சொன்னபோது, முதலாளியிடம் கெஞ்சிக் காப்பாற்றி, நான் பள்ளிக்கூடம் போவதற்கென்று அரியலூருக்கு ரயிலேற்றியவர் நீங்கள். முதல் பந்தயத்தில் அது சவாரிக்காரரைப் பாதியிலேயே உதறிவிட்டுத் தனியாக முதலில் வந்ததாகவும், அது செல்லாது என்றார்கள் என்றும் சொன்னீர்களே, அதை எங்கள் வகுப்பில் எல்லோரும் அநியாயம் என்கிறார்கள்.

இங்கே வந்த புதிதில் அது ஓர் அடிகூட வைக்கவில்லை. வண்டியில் பூட்டினால் வாசலில் சிலைபோல நிற்கும். அப்பா அதட்டினார், வெல்லம் காட்டினார், சக்கரத்தைத் தள்ளினார். அடுத்த வீட்டுக் கிருஷ்ணம்மாள் அத்தை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏண்ணே, குதிரை வாங்குனீங்களா, வீட்டோட மாப்பிள்ளை எடுத்தீங்களா? கொள்ளத் தின்னுட்டு வாசல்லயே நிக்கிறாரு" என்று கேட்டார். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. பெரிய பெண்ணை அவ்வளவு தூரம் நடத்தி அனுப்ப முடியாது, வண்டி நகராவிட்டால் மூன்றாம் பாரத்தோடு படிப்புப் போதும் என்று சொல்லிவிட்டார். அப்பா கடிவாளத்தோடு முன்னாலும், நான் பூகோளப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பின்னாலும் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தோம்.

அப்போது அம்மா ஈரப்புடவையைக் காயப்போட்டார். எங்கள் கொடிக்கயிறு வேப்பமரத்திலிருந்து மாட்டுக்கொட்டகைவரை வாசலுக்குக் குறுக்கே, குதிரையின் மூக்குக்கு நேரே போகிறது. புடவை தரையில் புரளாதிருக்க அம்மா கவைக்கழியால் கயிற்றை மேலே தூக்கினார், அவ்வளவுதான், டியூக் பாய்ந்துவிட்டது. அப்பாவின் தலைப்பாகை கொட்டகைக் கூரையிலும் என் பூகோளம் சாணிக்குழியிலும் விழுந்தன. பந்தயத்தில் குதிரைகளுக்கு முன்னால் கயிறு கட்டியிருக்கும், அது மேலே எழும்பினால்தான் ஓடவேண்டும் என்று தீபாவளிக்கு வந்தபோது நீங்கள் சொன்னது, வண்டிச் சட்டத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வழியில் ராசாங்கம் அண்ணன் ஓட்டும் பஸ், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுவதால் ஒருநாளும் நேரத்துக்கு வராதது, புகைந்துகொண்டே போயிற்று. டியூக்குக்குப் பக்கத்தில் ஒன்று ஓடினால் பொறுக்காது போலும், முந்திப் பாய்ந்தது. பஸ்ஸிலிருந்தவர்கள் கைதட்ட, ராசாங்கம் அண்ணன் தலையை நீட்டி, "நல்லுசாமி மாமா, எறங்கிக்கிட்டா எங்க பஸ்ஸுக்கு அதயே பூட்டிக்கிறேன்" என்றார். அப்பா கண்ணை மூடியிருந்தார். பள்ளிக்கூட வாசலில் டியூக் நின்று, கழுத்தை வளைத்து, ஜெயித்த குதிரைக்குப் போடும் மாலைக்குக் காத்திருந்தது. தலைமையாசிரியை அம்மாள் தம் கொண்டையிலிருந்த கதம்பத்தை எடுத்துப் போட்ட பிறகுதான் நான் இறங்க முடிந்தது.

அன்றிலிருந்து தினமும் அம்மா கயிறு தூக்குகிறார், நான் நேரத்துக்குப் போகிறேன், சாயங்காலம் கொள்ளு ஞாபகத்தில் டியூக் தானே வீடு திரும்புகிறது, கணக்கில் முதலாவதாக வந்திருக்கிறேன். பஸ் ஒருநாளும் ஜெயித்ததில்லை. ஆகவே மாமா, உண்மை இதுதான்: டியூக் ஓடுகிறது, நன்றாக ஓடுகிறது. ஆளை அனுப்புங்கள். நான் அழமாட்டேன். இதுவரை படித்ததற்கே உங்களுக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

பெரியவர்கள் எல்லோரும் தங்களுக்கு ஆசி கூறுகிறார்கள். குதிரை கனைக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளவும்.

தங்கள் அன்பு மருமகள்,
புஷ்பவல்லி

பி.கு.: கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "ஆளு வர்ற அன்னைக்குக் கொடியக் கழட்டி நெல்லுக் குதிருக்குள்ள போட்டுர்றேன். வேலியில போட்டா துணி காயாதா?" என்றார். கயிறு இல்லாவிட்டால் டியூக் வாசலைவிட்டு ஓர் அடியும் வைக்காது என்பதும் உண்மைதான், மாமா. வருகிறவர் தம் கண்ணாலேயே பார்த்துப் போகட்டும். கயிற்றைப் பற்றி அவருக்குச் சொல்வதா வேண்டாமா என்பதை உங்களிடமே விடுகிறேன். யுத்தம் முடிந்தும் மண்ணெண்ணெய் ரேஷன் முடியவில்லை. கடைசி இரண்டு வரி கோணலாக இருந்தால் மன்னிக்கவும், விளக்கை அணைத்துவிட்டார்கள்.