அடிக்குறிப்பு சொன்ன மண்டை ஓடு

மலைமேல் இருக்கும் எல் ஆல்டோ நகரத்தில் ஒரு பல்கலைக்கழகம். அதற்கு எதிர்த் தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடை. கடையின் முன்பக்கம் நகல் எடுப்பார்கள், பின்பக்கம் ஞானம் கொடுப்பார்கள். முன்பக்கத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். பின்பக்கத்துக்கோ திங்கட்கிழமை காலையில் நிற்கிற வரிசை, தெருமுனையில் ஊதாச் சோளக் கஞ்சி விற்பவளின் அடுப்பைத் தாண்டிப் போகும். திங்கட்கிழமை ஆவிகளின் நாள். செத்தவர்களிடம் வேலை வாங்க நினைக்கிறவர்கள் அன்றைக்குத்தான் வருவார்கள்.

இந்த ஊரில் வீட்டில் மண்டை ஓடு வைத்துக் கும்பிடுவது புதிதில்லை. கம்பளித் தொப்பி மாட்டி, பூ வைத்து, வாயில் சிகரெட் செருகி, "வீட்டைப் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போவார்கள். மண்டை ஓடும் பார்த்துக்கொள்ளும், கதவில் நல்ல பூட்டாகப் போட்டிருந்தால். ஆனால் ஜெராக்ஸ் கடைக்காரர் செனோபியோ லாருத்தா வைத்திருந்தது வீடு காக்கிற ரகம் இல்லை. அது படித்த மண்டை ஓடு. டாக்டர் புருதென்சியோ என்று பெயர். தலையில் பட்டமளிப்பு விழாத் தொப்பி. கண்குழிக்கு மேல் மூக்குக்கண்ணாடி. மாட்டிக்கொள்ளக் காது இல்லாததால் ரப்பர் பட்டை போட்டுக் கட்டியிருந்தார்கள்.

டாக்டர் உயிரோடிருந்தபோது பெரிய நூலகங்கள் மூன்றை வாசித்து முடித்தவராம். செத்த பிறகு உலகத்தில் மிச்சமிருந்த நூலகங்களையும் முடித்துவிட்டாராம். கண் போன பிறகு எப்படி வாசித்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. படிக்க வந்த இடத்தில் கேள்வி கேட்டால் மரியாதையாக இருக்காது அல்லவா?

ஆய்வேடு எழுதுகிற பிள்ளைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? தலைப்பைச் சொன்னால் போதும். செனோபியோ சிகரெட் பற்றவைத்து டாக்டரின் பல்லிடுக்கில் செருகுவார். நாலு கோகா இலையைத் தூவுவார். தாடைக்குப் பக்கத்தில் காதை வைத்து "ம்... ம்... அப்படியா டாக்டர்?" என்பார். பிறகு கம்ப்யூட்டரில் தட்டுவார். அச்சடித்த சீட்டு வெளியே வரும். ஆசிரியர் பெயர், ஆண்டு, நூல், பதிப்பகம், பக்கம், மேற்கோள் குறிக்குள் கம்பீரமாக ஒரு வாக்கியம். கால்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் பல்கலைக்கழக விதிப்படி இருக்கும். அந்த விஷயத்தில் உயிரோடிருக்கிற மாணவர்களைவிட டாக்டர் எவ்வளவோ மேல்.

நெல்வா கலிசாயாவும் அந்த வரிசையில் நின்றவள்தான். வில்யா எஸ்கார்ச்சா என்கிற பேட்டைக்காரி. அங்கே குழாய்த் தண்ணீர் கிடையாது, கிணறுதான். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வராத மாதமே இல்லை. அவளுடைய ஆய்வும் அதைப் பற்றியதுதான். கிணறு கிணறாகப் போய்ப் புட்டியில் தண்ணீர் பிடித்து, கல்லூரிச் சோதனைக்கூடத்தில் கொடுத்து, வீடு வீடாகப் பிள்ளைகளின் உடம்பைப் பற்றி விசாரித்து எழுதியிருந்தாள். குளிரில் விரல் விறைக்க விறைக்கச் செய்த வேலை.

அவளுக்கு வழிகாட்டி பேராசிரியர் அரண்டியா. அவர் ஆய்வேட்டைப் புரட்டவில்லை, கையில் தூக்கிப் பார்த்தார்.

"கனமே இல்லையேம்மா. ஏழே ஏழு புத்தகம்தான் காட்டியிருக்க. நாப்பதாவது வேணாமா?"

"சார், நான் நேர்ல போய்ப் பாத்தத எழுதியிருக்கேன்."

"நீ பாத்தத யார் கேட்டா? மத்தவங்க என்ன சொன்னாங்க, அதச் சொல்லு."

மத்தவங்க எல்லாரும் செனோபியோவின் பின்கட்டில் இருந்தார்கள். நெல்வா ஒரு பொட்டலம் சிகரெட்டோடும் காணிக்கையோடும் போனாள், முப்பத்து மூன்று சீட்டோடு வந்தாள். அரண்டியா மறுபடி தூக்கிப் பார்த்தார். கனம் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கதை அதோடு முடிந்திருந்தால் எல்லாருக்கும் சுகம். முடியவிடாமல் பண்ணியது கசிமிரா அக்கா. பேட்டைச் சங்கத்துத் தலைவி. நெல்வாவின் ஆய்வேட்டைத்தான் நகராட்சிக்குக் கொடுக்கிற மனுவோடு சேர்த்து வைக்கப் போகிறாள். புதன்கிழமை எஞ்சினியரைப் பார்க்க வேண்டும். அதற்கு முந்தின வாரம் ஒரு நாள் நெல்வாவைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"ஏ நெல்வா, ஒரு வரி எழுதியிருக்க பாரு. 'இக்கிணறுகளின் நீரைப் பருகிய குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேர் நோயுறுகின்றனர்'னு. படிச்சதும் எனக்கு அப்படியே புல்லரிச்சுப் போச்சுடி. அந்தப் புஸ்தகத்தக் குடு."

"எதுக்கு அக்கா?"

"எஞ்சினியர் டேபிள் மேல டொப்புனு போடணும். அந்த ஆளு வெறுங்காகிதத்த மதிக்க மாட்டான். போன வருஷம் பக்கத்துப் பேட்டைக்காரங்க மனுல ஒரே ஒரு கணக்கு தப்புனு மொத்தத்தையும் தூக்கிக் கடாசிட்டான்."

தேடித் தருவதாகச் சொல்லி நெல்வா அவளை அனுப்பிவைத்தாள். அந்த வரி டாக்டர் சொன்னது. புத்தகத்தை அவள் கண்ணால் பார்த்ததில்லை.

பல்கலைக்கழக நூலகத்தில் தேடினாள். அப்படி ஒரு நூல் இல்லை. கேபிள் காரில் கீழே லா பாஸ் நகரத்துக்கு இறங்கி அங்கே இருந்த நூலகங்களிலும் கேட்டாள். நூலும் இல்லை, அந்த ஆசிரியர் வேறெதுவும் எழுதியதாகவும் தெரியவில்லை. கடைசியில் சீட்டில் இருந்த பதிப்பகத்து முகவரிக்கே போய்விட்டாள். அங்கே கோழி பொரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இங்க பதிப்பகம் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து கோழிதான். காலா, நெஞ்சா?" என்றார் கடைக்காரர்.

தோழி யோபானாவிடம் போய்ச் சொன்னாள். யோபானாவின் ஆய்வேட்டிலும் டாக்டர் தாராளமாகவே பேசியிருந்தார்.

"நம்ம ஊரு நூலகத்துல இல்லன்னா டாக்டர் பொய்யா? நூலகம்தான்டி ஓட்ட!"

"பதிப்பகம் கோழிக்கடையா இருக்குடி."

"செத்தவங்களுக்கு முகவரி கொஞ்சம் முன்னப்பின்ன தெரியும். நீ ரொம்பத் தோண்டாத. உன்னாலதான் எல்லார் ஆய்வேடும் நாறும்."

இதற்கு மேல் ஒரு வாதம் உண்டா? கிடைக்காத புத்தகம் கிடைக்காமல் இருப்பதே அதன் அருமைக்குச் சாட்சி. இந்தக் கணக்கில் பார்த்தால் உலகத்திலேயே அருமையான புத்தகம் யாரும் எழுதாத புத்தகம்.

நெல்வாவுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. எஞ்சினியர் அந்த ஒரு புத்தகத்தைக் கேட்டால் போதும். ஒரு பொய்யைச் சாக்காக வைத்து அவள் குளிரில் சேர்த்த அத்தனை உண்மையையும் குப்பையில் போட்டுவிடுவார். பேட்டைக்குக் குழாய் வராது. பிள்ளைகள் அதே தண்ணீரைத்தான் குடிக்கும்.

கசிமிராவிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். அந்த வரியை எடுத்துவிடலாம் என்றாள்.

"டாக்டர் சொன்னத எடுக்கிறதா? சாமி குத்தமாயிடும்டி!" கசிமிரா சிலுவை போட்டுக்கொண்டாள். "அவரு பொய் சொல்றாருன்னு என் கண்ணு முன்னாடி காட்டு. நானே கிழிச்சுப் போடுறேன்."

"சரி. திங்கக்கிழமை என்கூட வாங்க."

திங்கட்கிழமை வரிசை வழக்கம்போல நீளமாக இருந்தது. நெல்வா கழுத்துத் துண்டை மூக்குவரை சுற்றிக்கொண்டு கசிமிராவோடு நின்றாள். வரிசையில் அவளுக்கு நேர் பின்னால், தொப்பியைக் கண்வரை இறக்கிவிட்டுக்கொண்டு, கையில் ஒரு கொத்து வெள்ளைப் பூவோடு ஒருவர் நின்றார். நெல்வா திரும்பிப் பார்த்தாள். பேராசிரியர் அரண்டியா.

"சார், நீங்களுமா?"

"சும்மா... இந்தப் பக்கமா வந்தேன். ஒரு மாநாட்டுக் கட்டுரை பாதில நிக்குது." பேராசிரியர் பூவை முகர்ந்து பார்த்தார். அதில் வாசனை இல்லை.

முறை வந்தது. பின்கட்டு முழுக்க மெழுகுவர்த்தி, புகை, மாணவர்கள். செனோபியோ நெல்வாவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பேரெல்லாம் வேணாம். தலைப்பச் சொல்லும்மா. டாக்டருக்கு அது போதும்."

"வில்யா எஸ்கார்ச்சா கிணத்துத் தண்ணியப் பத்தி நெல்வா கலிசாயானு ஒருத்தவங்க எழுதியிருக்காங்களாம் மாஸ்டர். எங்க தேடியும் கிடைக்கல."

செனோபியோ காதைத் தாடையில் வைத்தார். முகம் மலர்ந்தது.

"ஆகா! கலிசாயா அம்மாவா! டாக்டருக்கு ரொம்ப வேண்டியவங்களாச்சே! ரெண்டு பேரும் ஒண்ணா காப்பி குடிச்சவங்களாம்."

"இப்ப அவங்க எங்க இருக்காங்க மாஸ்டர்? நேர்ல பாத்து ரெண்டு வார்த்தை கேக்கணும்."

மறுபடி காது. இந்தத் தடவை செனோபியோ தன் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார்.

"போய்ச் சேந்துட்டாங்கம்மா. தொண்ணூத்தி ஒண்ணுல. நெஞ்சுவலி. நல்ல மனுஷி."

கூட்டத்தில் இரண்டு பேர் உச்சுக் கொட்டினார்கள். சீட்டு வந்தது. நெல்வா அதைப் பார்க்காமலே பின்னால் நீட்டினாள்.

"சார், நீங்க படிங்க. எல்லாருக்கும் கேக்கட்டும்."

அரண்டியாவுக்குத் தன் குரல்மேல் எப்போதும் ஒரு பிரியம். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கலிசாயா, நெல்வா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலு. 'வில்யா எஸ்கார்ச்சாவின் கிணற்று நீர்: ஒரு விரிவான ஆய்வு.' பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு..." குரல் இறங்கியது. "நெல்வா, இது உன் பேராச்சே?"

நெல்வா துண்டை இறக்கினாள். "என் பேருதான் சார். போன மாசம் நீங்க கையெழுத்துப் போட்டது இந்த ஆய்வுக்குத்தான். இப்பதான் தெரியுது, நான் பொறக்கறதுக்கு முன்னாடியே எழுதி, பொறக்கறதுக்கு முன்னாடியே செத்தும் போயிருக்கேன்."

கசிமிரா கையை நீட்டி நெல்வாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "சூடாத்தான் இருக்கா."

எவனோ களுக்கென்று சிரித்தான். செனோபியோ சுதாரித்துக்கொண்டார்.

"ஒரே பேர்ல ரெண்டு பேர் இருக்கக் கூடாதா? இது வேற கலிசாயா. அந்தக் காலத்து அம்மா."

"அந்தக் காலத்து அம்மா எந்தக் கிணத்துல தண்ணி மொண்டா?" கசிமிரா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "வில்யா எஸ்கார்ச்சாவுல முத செங்கல் வச்சவ நான். வச்சு பன்னெண்டு வருஷம் ஆச்சு. எழுபத்தி நாலுல அங்க லாமா மந்தை மேஞ்சுதுய்யா. லாமாவுக்கு எவன் கிணறு வெட்டினான்?"

செனோபியோ மண்டை ஓட்டைப் பார்த்தார். இன்னொரு சிகரெட்டைப் பற்றவைத்து அதன் பல்லிடுக்கில் செருகினார்.

அப்போது கூட்டத்தில் நின்ற யோபானா பையைத் திறந்து தன் சீட்டுகளை வெளியே எடுத்தாள். ஒன்றைப் பார்த்தாள், இன்னொன்றைப் பார்த்தாள். "இருநூத்திப் பன்னெண்டாம் பக்கம்... இதுவும் இருநூத்திப் பன்னெண்டு..." பக்கத்தில் நின்றவனும் எடுத்தான். "எனக்கும் அதேதான்! என்னோடது உருளைக்கிழங்கு நோய்." "எனக்குச் சுரங்கச் சட்டம், அதுவும் அதே பக்கம்தான்!" உலகத்து அறிவு முழுவதும் ஒரே பக்கத்தில் இருந்திருக்கிறது. அது தெரியாமல் மனித குலம் மற்ற பக்கங்களையும் அச்சடித்துக்கொண்டிருந்தது.

"டாக்டருக்கு இன்னிக்கு உடம்பு சரியில்ல," என்றார் செனோபியோ.

"அவரு செத்தவருய்யா! அதுக்கு மேல உடம்புக்கு என்ன வரும்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பின்கட்டே சிரித்தது.

சிரிப்பு செனோபியோவைச் சுட்டுவிட்டது. கண்ணாடி போட்ட மண்டை ஓட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

"சிரிங்க, நல்லாச் சிரிங்க! இத்தன வருஷமா குடுக்கறேன், ஒருத்தனாவது ஒரு புஸ்தகத்தத் தேடிப் போனீங்களா? உங்க வாத்தியாருங்க எண்ணிப் பாக்கறாங்களே தவிர எவராவது தொறந்து பாத்தாங்களா? முப்பது கேட்டீங்க, முப்பது குடுத்தேன். நாப்பது கேட்டா நாப்பது. நான் பண்ணது திருட்டுன்னா, நீங்க பண்ணதுக்குப் பேரு என்ன? படிப்பா?"

அரண்டியா கையிலிருந்த பூவை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். பிறகு பழக்கதோஷத்தில் அதை டாக்டர் முன்னாலேயே வைத்துவிட்டு வெளியே போனார்.

கசிமிரா சொன்ன சொல் தவறவில்லை. ஆய்வேட்டில் டாக்டர் சொன்ன பக்கங்களை அங்கேயே கிழித்தாள். கிழிக்கும்போது முகம்தான் வாடியது.

"பத்துக்கு ஒம்பதுன்னு எவ்வளவு நல்லா இருந்துச்சு..."

"நான் பாத்தது பத்துக்கு நாலு அக்கா. அதான் உண்மை."

கசிமிரா கிழித்த காகிதத்தைக் கசக்கி எறிந்தாள். "நாலும் பிள்ளைங்கதானே," என்றாள். "போதும். அதையே எழுது."

புதன்கிழமை, குழந்தையைக் கட்டித் தூக்குகிற வண்ணத்துணியில், நெல்வா முதலில் காட்டியிருந்த ஏழு புத்தகங்களையும் மூட்டையாகக் கட்டி முதுகில் சுமந்துகொண்டு கசிமிரா நகராட்சிக்கு வந்தாள். மெலிந்து போன ஆய்வேடு, தனக்குத் தெரியாததைப் பட்டியல் போட்ட ஒரு புதுப் பக்கத்தோடு, நெல்வாவின் கையில் இருந்தது. எஞ்சினியர் அதைத் தூக்கிப் பார்க்கவில்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பினார், ஒரு வரியில் விரலை வைத்தார்.

"இந்தப் புத்தகம் இருக்கா?"

கசிமிரா மூட்டையை அவிழ்த்தாள். அவர் பக்கத்தைத் தேடி எடுத்தார். வரி இருந்தது. இன்னொன்றைக் கேட்டார். அதிலும் இருந்தது. மூன்றாவதைக் கேட்கவில்லை.

"உனக்குத் தெரியாததுன்னு ஒரு பக்கம் எழுதியிருக்கியே, எதுக்கு?" என்று நெல்வாவைக் கேட்டார்.

"அது எனக்குத் தெரியாதுங்க சார். அதனாலதான்."

எஞ்சினியர் மேஜையிலிருந்து வரைபடத்தை எடுத்து விரித்து, பேனாவை அவளிடம் நீட்டினார். "கெட்டுப்போன கிணறு எதெதுன்னு குறி. நாளைக்கே ஆள் அனுப்பறேன்." நெல்வாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதோடு குனிந்து முதல் கிணற்றை வட்டமிட்டாள்.

செனோபியோ கடையைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். வேறொரு ஊரில், வேறொரு கல்லூரிக்கு எதிரே, டாக்டர் புருதென்சியோ மறுபடி கண்ணாடி போட்டு உட்கார்ந்திருப்பதாகக் கேள்வி. அங்கேயும் வரிசை நீளமாம். டாக்டரைக் குறை சொல்வதற்கில்லை; அவர் கடைசிவரை ஒரு பொய்கூடச் சொன்னதில்லை, வாயையே திறக்கவில்லை. அவருடைய மண்டைக்குள் ஒன்றும் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். வரிசையில் நிற்கிறவர்களே, உங்கள் மண்டைக்குள் இருப்பதை என்றைக்கு எடுத்துப் பயன்படுத்தப் போகிறீர்கள்?