மாடிமேல் மீசைக்காரர்

மதுரைக்குத் தெற்கே, அவனியாபுரத்துப் பக்கம் ஒரு வார்டு ஆபீஸ். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். எனக்கும் அங்கே ஒரு காரியம் ஆகவேண்டியிருக்கிறது. அதன் வாசலில் ஒருநாள் திடீரென்று ஒரு பலகை முளைத்தது: "பொதுமக்கள் நலன் கருதி, இவ்வலுவலகத்தில் திறந்த மூலம் நடைமுறைக்கு வந்துள்ளது."

லேத்துப் பட்டறை வைத்திருக்கும் தங்கப்பாண்டி அதை இரண்டு தடவை வாசித்தார். மனசு இளகிவிட்டது. பாவம், நாளெல்லாம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் மூலம் வராது? ஆனாலும் அதைப் போய் பலகையிலா எழுதி வைப்பார்கள் என்று முனகிக்கொண்டே உள்ளே போனார்.

வந்தது குடிநீர் இணைப்புக்காக. புது வீடு கட்டி முடித்தாயிற்று, வெள்ளிக்கிழமை பால் காய்ச்ச வேண்டும். ஆனால் அவர் மனைவி முனீஸ்வரி கறாராகச் சொல்லிவிட்டாள்: "பதினஞ்சு வருசமா குடத்தைத் தூக்கிக்கிட்டு லாரி பின்னாலயே ஓடியிருக்கேன். குழாயில தண்ணி வந்தாத்தான் அந்த வீட்டுக்குள்ள காலை வைப்பேன்." அவள் சொன்னால் சொன்னதுதான்.

உதவிப் பொறியாளர் நல்லகாமன் முகமெல்லாம் சிரிப்பாக வரவேற்றார். "இனிமே நாங்க யாரும் இடத்தைப் பாக்க வரமாட்டோம்."

"எப்பவுமே வரமாட்டீங்களே சார்."

"அது பழக்கம். இது விதி." நல்லகாமன் கம்ப்யூட்டரைப் பெருமையாகத் தட்டினார். "ஓப்பன் சோர்ஸ் ஏ.ஐ. மாடல். படம், வீடியோ எதைக் காட்டுனாலும் அதுல என்ன இருக்குன்னு அதுவே சொல்லிரும். யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம், காசே கிடையாது."

"ஓசியா சார்?"

"ஓப்பன் சோர்ஸ்யா."

"அதைத்தான் சார் சொல்றேன், ஓசி." வாசலில் இருந்த மூலத்துக்கும் அப்போதுதான் அவருக்கு அர்த்தம் புரிந்தது.

வீட்டைச் சுற்றி செல்போனில் வீடியோ எடுத்துவந்து கொடுத்தார். கம்ப்யூட்டர் பார்க்கும் ஸ்ரீலக்ஷ்மி அதை ஏற்றினாள். அறிக்கை வந்தது: "கட்டடம் முழுமையடைந்துள்ளது. மேல்மாடியில் பெரிய மீசையும் வெளியே நீட்டிய நாக்கும் உடைய ஆண் ஒருவர் நீலச் சட்டை அணிந்து நிற்கிறார்."

நல்லகாமன் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "ஆள் குடியிருக்காரே! யாருமில்லாத புது வீடுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க?"

"ஐயோ சார், அது திருஷ்டி பொம்மை. உள்ளுக்குள்ள வைக்கோல், தலை மண்சட்டி. சட்டை என்னோடது."

"சட்டை உங்களோடதா? அப்ப உங்களுக்கு வேண்டப்பட்டவர்தான்."

"இந்த ஜன்னல் வழியா எட்டிப் பாருங்க சார். மீசை இங்கேருந்தே தெரியும்."

நல்லகாமன் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். "நேர்ல பாக்குற முறை போன மாசமே ரத்து."

பொம்மையைக் கழற்றிவிட்டு மறுபடி வீடியோ எடுக்கலாம் என்றார் தங்கப்பாண்டி. வீட்டில் முனீஸ்வரி குதித்தாள். "பால் காய்ச்சுறதுக்கு முன்னாடி அதைக் கழட்டுனா எம்புட்டுப் பேரு கண்ணு விழும் தெரியுமா? பேசாம ஒரு சாக்கைப் போட்டு மூடி எடுங்க."

மூடி எடுத்தார். இரண்டாவது அறிக்கை சொன்னது: "ஆண் ஒருவர் தலைமேல் சாக்கு மூடப்பட்ட நிலையில், தூணோடு கயிற்றால் கட்டப்பட்டுள்ளார்."

நல்லகாமன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார். "அடப்பாவி, ஆளைக் கடத்தியா வச்சிருக்கீரு!" அங்கேயே ஓர் உத்தரவு தயாரானது: மேற்படி மீசைக்காரரை நாளைக் காலை அலுவலகத்தில் நேரில் ஆஜர்படுத்த வேண்டும், தவறினால் இணைப்பு மறுக்கப்படுவதோடு, காவல்துறைக்கும் தகவல் அனுப்பப்படும்.

தங்கப்பாண்டி தலையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்தார். ஸ்ரீலக்ஷ்மி பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னாள்: "அண்ணே, மாடலைத் திட்டாதீங்க. ரெண்டு தடவையும் அது கடைசி வரியில, 'இது பொம்மையாகவும் இருக்கலாம், நேரில் சென்று உறுதி செய்யவும்'னு தெளிவா எழுதியிருந்துச்சு."

"அந்த வரி எங்கம்மா?"

"நேரில் சென்றுன்னு வந்தாலே அந்த வரியை வெட்டிரணும்னு சார் சொல்லியிருக்காருண்ணே."

வீட்டில் இதைக் கேட்ட முனீஸ்வரிக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறிவிட்டது. மறுநாள் காலையில் மாடியேறிப் பொம்மையை அவிழ்த்தாள். அது இருந்த இடத்தில் ஒரு பூசணிக்காயைக் கட்டித் தொங்கவிட்டாள். மீசைக்காரரை ஷேர் ஆட்டோவில் நடுவில் உட்கார வைத்து, புருசனையும் இழுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். ஆபீசில் நல்லகாமன் இல்லை, டீ குடிக்கப் போயிருந்தார். காலியாகக் கிடந்த அவர் நாற்காலியிலேயே பொம்மையை உட்கார்த்தினாள். "ஆஜராயிட்டாரு. விசாரிச்சுக்கங்க!"

நாற்காலிக்கு நேர் எதிரே வருகைப்பதிவுக் கேமரா. அதைப் பார்ப்பதும் அதே ஓசி மாடல்தான், அதன் அறிக்கையிலும் அந்தக் கடைசி வரியை வெட்டித்தான் அனுப்புவார்கள். நல்லகாமன் மதியம்தான் திரும்பி வந்தார். பொம்மையைப் பார்த்துக் கத்த வாயைத் திறந்தபோது தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அலுவலர் காலையிலிருந்து இருக்கையை விட்டு அசையவேயில்லை என்று அறிக்கை வந்திருக்கிறதாம். இப்படி ஒன்று இந்த வார்டிலிருந்து வந்ததே இல்லையாம். பாராட்டுகள்!

நல்லகாமன் போனை வைத்துவிட்டு, பொம்மையை வெகுநேரம் வாஞ்சையோடு பார்த்தார். பிறகு இணைப்பு உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

"உங்க வீடு காலியாயிருச்சுல்ல, இனிமே ஒரு தடையும் இல்ல. அவரு இங்கேயே இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை குழாய் மாட்டினார்கள். முனீஸ்வரி குங்குமம் வைத்துக் கும்பிட்டுத் திருகினாள். புஸ்ஸென்று காத்து வந்தது. காத்து மட்டும்தான் வந்தது. கண் கலங்க, குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்கு ஓடினாள்.

திங்கட்கிழமை தங்கப்பாண்டி ஆத்திரத்தோடு ஆபீசுக்குப் போனார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிடுவது என்றுதான் போனார். நல்லகாமன் இல்லை. நாற்காலியில் மீசைக்காரர் இருந்தார். கழுத்தில் மாலை, பின்னால் சுவரில் 'சிறந்த அலுவலர்' சான்றிதழ், முன்னால் நீளமான வரிசை. ஒவ்வொருவராக மனுவை மேசைமேல் வைத்துக் கும்பிட்டு நகர்ந்தார்கள்.

"புது சார் தங்கமான மனுசன்," என்றார் முன்னால் நின்ற மொக்கைச்சாமி. "எரிஞ்சு விழுறதில்ல, நாளைக்கு வான்னு விரட்டுறதும் இல்ல. சொல்றதைக் கேட்டுக்கிறாரு."

சட்டை தன்னுடையது, தலை தன் வீட்டு மீன்குழம்புச் சட்டி என்பது தங்கப்பாண்டிக்குத் தெரியாததா? ஆனால் அவர் முறை வந்ததும் தோள் துண்டு தானாக இடுப்புக்கு இறங்கியது. முதுகு தானாக வளைந்தது.

"சார்... தண்ணி வரல சார்."

சார் நாக்கை நீட்டியபடி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வரிசையில் அவருக்கு அடுத்து நின்றது நான்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு, செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, நானும் கும்பிட்டேன்.