இரண்டாவது கீறல்

துணை இயக்குநருக்கு அலுவலகம் ஒரு டர்போ பெட்ரோல் கார் வழங்கியது. மூன்று சிலிண்டர், நூற்றுப் பதினெட்டு குதிரைத் திறன். ஆனாலும் வாசல் காவலாளி அவரைக் கண்டு நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லை. அந்தக் குறை அவர் மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

ஒருநாள் காலை வண்டி 'உய்ய்ங்' என்று விசிலடித்தபடி நுழைந்தது. காவலாளி அலறிப் புடைத்து எழுந்து சல்யூட் வைத்தார்.

"டர்போவுல இருந்து இன்ஜினுக்குக் காத்து போற குழாய் கீறியிருக்கு சார். காத்து வெளிய போனா வண்டி இழுக்காது. மாத்திடலாமா?" என்றார் டிரைவர்.

"அதுல யாராவது கை வெச்சா எனக்குக் கெட்ட கோபம் வரும்."

மற்ற துணை இயக்குநர்களுக்குத் தூக்கம் போயிற்று. ஆளாளுக்குப் பிளேடும் கையுமாகப் பானெட்டைத் திறந்தார்கள். வளாகமே குக்கர் வைத்த அடுப்படி மாதிரி கூவியது. நிர்வாகப் பிரிவு சும்மா இருக்குமா? 'துணை இயக்குநர் நிலைக்கு ஒரு கீறலும், இணை இயக்குநர் நிலைக்கு இரு கீறல்களும் அனுமதிக்கப்படுகின்றன. இளநிலை அலுவலர்கள் பழுதில்லாத குழாயுடனேயே சமாளித்துக்கொள்ள வேண்டும்' என்று சுற்றறிக்கை விட்டது.

நம்மவருக்கு அந்த இரண்டாவது கீறல் மேல்தான் கண். பதவி உயர்வுக்கான நேர்காணல் மலைமேல் இருந்த தலைமை அலுவலகத்தில். பாதி ஏற்றத்தில் வண்டி இளைத்துப்போய் நின்றுவிட்டது. குதிரைகளில் பாதி காற்றோடு போயிருந்தன. முன்னால் பார்த்தால், போட்டிக்கு வந்த மூவரும் கோட்டைக் கழற்றிவிட்டு அவரவர் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"நாமளும் தள்ளணும் சார்."

"தள்ளினா விசில் வராதேய்யா."

"வாயால அடிங்க சார்."

அடித்தார். தள்ளத் தள்ள, மூச்சு முட்ட, மலை உச்சிவரை அடித்தார்.

இயக்குநர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ரொம்ப நேரமா ஒரு விசில் கேட்டுதே, உங்க வண்டியா?"

"ஆமாம் சார்."

"ஏத்தத்துலயும் நிக்காம வருது. அதுதான் தகுதி."

இணை இயக்குநராகி இறங்கினார். அடிவாரத்து மெக்கானிக் கடையில் கூட்டம் அலைமோதியது. 'புது வண்டிக்கும் அதிகாரி விசில் வைத்துத் தரப்படும்' என்று பலகை. வரிசையில் அவர் மனைவி, வீட்டு வண்டியோடு.

"நீ எங்க இங்க?"

"எதிர்வீட்டுக்காரங்க மூணு கீறல் போட்டுட்டாங்க. நாம சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்?"

அவருக்கும் அது நியாயமாகவே பட்டது. தன் வண்டியையும் வரிசையில் விடச் சொன்னார். வரிசையின் முன்னால் நின்ற இரண்டு வண்டிகளும் ஆம்புலன்ஸ்.