எங்கள் வீட்டில் மட்டும் பெய்த மழை

அதிகாரிகளிடம் நல்ல பெயர் வாங்கும் ஆசை எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அதற்கான தண்டனையை என் மனைவி மலர்தான் அனுபவித்தாள்.

மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தாயில் எங்கள் வீட்டுச் சமையலறையை இடித்துப் பெரிதாக்கினோம். பிளானுக்கு அனுமதி தந்த நகராண்மைக் கழகம், கூரைத் தண்ணீரைச் சேர்க்க ஒரு தொட்டியும் வைக்கச் சொன்னது. வைத்தேன். அதை அவர்கள் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் புதுச் சமையலறையில் அடுப்பேற்ற முடியும். அதுவரை மலர் கார் நிற்கும் இடத்தில் சமைத்துக்கொண்டிருந்தாள்.

சோதனைக்கு முந்தைய நாள் தொட்டியைத் தட்டினேன். ‘டங்’ என்றது. இரண்டு வாரமாக மழையில்லை.

“காலித் தொட்டியைக் காட்டுனா பெயிலாக்கிடுவாங்க.”

“மழை பெய்யாததுக்கு நீங்க என்ன செய்வீங்க? சும்மா இருங்க” என்றாள் மலர்.

(இருந்திருக்கலாம்.)

மறுநாள் வீட்டுக் குழாயில் ரப்பர் பைப்பை மாட்டி, மறுமுனையைத் தொட்டிக்குள் விட்டேன். பாதி நிறைவதற்குள் வாசலில் வண்டிச் சத்தம். குழாயை மூடினேன். பைப்பை உருவ நேரமில்லை. மேலே ஒரு சாக்கைப் போட்டேன்.

வந்தவர் புவனா, என் மகள் வயது அதிகாரி. தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து, தண்ணீரைக் கையில் பிடித்து முகர்ந்தார்.

“குளோரின் வாசம் வருதே அங்கிள்?”

“மழைத் தண்ணிதாம்மா. நேத்து நல்ல மழை லா!”

“நேத்தா? நான் பக்கத்துத் தாமான் குடியிருப்புலதான் இருக்கேன் அங்கிள். எங்க வீட்ல துணியெல்லாம் அப்பளமாக் காஞ்சுச்சு.”

“இது... இந்தப் பக்கம் மட்டும் பேஞ்சிச்சு.”

அவர் ஏணியில் ஏறி மூடியைத் திறந்தார். உள்ளே என் பச்சை ரப்பர் பைப் நிம்மதியாக நீந்திக்கொண்டிருந்தது.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. புவனா பொறுமையாக விளக்கினார்.

“தொட்டி காலியா இருந்தா பரவாயில்ல அங்கிள். வடிகட்டி, கொசுவலை சரியா இருக்கான்னுதான் பார்ப்போம். ஆனா குடிதண்ணி பைப்பை மழைத் தொட்டியோட சேர்க்கக் கூடாது. அந்தத் தண்ணி திரும்பி வீட்டுக் குழாய்க்குள்ள வந்துட்டா, குடிக்கிறது நீங்கதானே?”

ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால் பாஸ். உழைத்து பெயிலானேன். மறுசோதனை ஒரு மாதம் கழித்து. கார் நிற்கும் இடத்தில் மலர் தோசையைத் திருப்பிப் போட்ட சத்தம் பலமாகக் கேட்டது.

மறுசோதனையன்றும் தொட்டி காலிதான். புவனா சிரித்தபடி கையெழுத்துப் போட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ரப்பர் பைப்புக்கு வேறு பெயர். நான் கார் கழுவக் கிளம்பினால் மகள் உள்ளிருந்து குரல் கொடுப்பாள்:

“பா, மழையைச் சுருட்டி ஸ்டோர்ல வச்சிருக்கேன், எடுத்துக்குங்க!”