மானாம்பதி விதைக்கடையில் மெனு நின்ற வரலாறு

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிர்மாடியில் மூன்று கணினிகளை முப்படையாய் நிறுத்தி வகுப்பெடுத்து ஆண்டவனும், விசைப்பலகை அதிர விரல்பாய்ச்சும் வேங்கையும், மவுஸேந்திய மாவீரனுமாகிய வேதகிரியின் புகழை எண்டிசையும் கேட்பதாக! இரண்டாயிரத்து நான்காம் ஆண்டுச் சம்பாப் பட்டத்தில் அவன் மானாம்பதிமேல் படையெடுத்தான். படை அவன் ஒருவனே. தேர், மானாம்பதி வழியாய்ப் பெருநகர் என்னும் ஊருக்குப் போகும் பஸ். அதிலும் உட்கார இடம் கிடைக்கவில்லை.

மானாம்பதி விதைக்கடைத் தலைவி முனியம்மாள், தன் கடைக் கணினியில் ‘நெல்’ என்பதைத் தட்டியதும் பொன்னி முதலான விதைப்பெயர்கள் வரிசையாய்க் கீழிறங்கும் மெனு வேண்டுமென்று ஆணையிட்டிருந்தாள். வேதகிரிக்கு வெளியிலிருந்து வந்த முதல் வேலை அது. இதில் தோற்றால் கடைவீதியில் எவரும் தம் கணினிமேல் படிந்த தூசியைத் துடைக்கக்கூட அவனை அழையார்.

ஆதலால் அவன், கடல்கடந்த யாரோ ஒரு புண்ணியவான் எழுதி இலவசமாய் விட்டிருந்த ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி என்னும் ஆயத்த நிரல்களின் ஆயுதசாலையை ஃப்ளாப்பியில் அடக்கிக் கொணர்ந்து, வேண்டிய அத்திரங்களை அதிலிருந்து உருவி, நாற்றின் பச்சையைப் பூசி, நெற்கதிரால் கரைகட்டி, ஒரு தட்டில் திறந்து மறுதட்டில் மூடும் மெனுவைச் சமைத்தான். அவன் தட்டினான், கோட்டைக் கதவெனத் திறந்து நின்றது. முனியம்மாள் தட்டினாள், மின்னலெனத் தோன்றி மறைந்தது.

“இன்னா வேதகிரி, வாயத் தொறந்து ஒடனே மூடிக்கினு போவுது உன் மெனு? மத்தியானம் காஞ்சிபுரத்து ஆளு வராரு. அதுக்குள்ள நிக்க வெச்சா வேல உனுது. இல்லன்னா அவரே பண்ணட்டும்” என்றாள்.

சினந்தெழுந்தான் வேதகிரி! மவுஸின் வயிற்றைக் கிழித்து உருண்டையைப் பிடுங்கி வேட்டித்தலைப்பால் துடைத்தான், நிரலின் அடைப்புக்குறிகளைக் களையெடுத்தான், லைப்ரரியை அழித்து மறுபடி ஏற்றினான். ஒவ்வொரு முறையும் அவன் கைக்கு அடிபணிந்த மெனு, அவள் கைக்கு அஞ்சி ஓடி ஒளிந்தது. யாரோ வைத்த செய்வினை என்றே அவன் முடிவுகட்டினான். பக்கத்து ரைஸ் மில்லோ கடல்போல் முழங்கி, போர்முரசு இல்லாத குறையைத் தீர்த்துக்கொண்டிருந்தது.

உச்சிப்பொழுதில் மில் ஓய்ந்தது. பேரமைதியில் முனியம்மாள் மீண்டும் தட்ட, டக்கு டக்கென்று இரட்டை இடி கேட்டது.

“அக்கா, ரெண்டு வாட்டியா தட்டுறீங்க?”

“பின்ன? சாயங்கால கிளாஸுல எங்கள ஒக்கார வெச்சி, எதத் தட்டுனாலும் ரெண்டு வாட்டி தட்டணும்னு நீதான சொல்லிக் குடுத்த?”

முதல் தட்டில் திறந்ததை இரண்டாம் தட்டில் தானே மூடியிருக்கிறாள். தன் அம்பு தன் மார்பில் தைத்த தளபதியென நின்ற வேதகிரி, இதற்கு ஒரு தட்டே போதும் என்று ஈனக்குரலில் விண்ணப்பித்தான்.

“உங்கிட்ட படிச்சது நான் ஒருத்திதானா? மானாம்பதில பாதிப் பேரு. அத்தினி பேரு கையையும் திருத்திக்கினு இருப்பியா? உன் மெனுவத் திருத்துப்பா.”

காஞ்சிபுரத்து பஸ்ஸின் ஹாரன் ஏரிக்கரையில் எழுந்தது. அந்த எதிரிச் சங்கொலி செவிப்பறையைத் தாக்கிய கணத்திலேயே, லைப்ரரியின் அடியாழத்துள் மூழ்கி, ஒற்றைத் தட்டுக்குத் திறக்கும் அத்திரத்தைப் பறித்தெறிந்து, இரட்டைத் தட்டுக்குத் திறப்பதை அங்கே நாட்டி, வியர்வை ஆறாய் ஓட எழுந்தான் வேதகிரி. முனியம்மாள் தட்டினாள், விண்ணிலிருந்து இறங்கிய கங்கையெனப் பொன்னி இறங்கி வந்து, அசையாது, அகலாது, அப்படியே நின்றது!

அவள் காஞ்சிபுரத்துக்காரருக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.