சென்சி அத்தை வீட்டுப் பைன் கொத்து

ஞாயிற்றுக்கிழமை எந்த ஒயின் வீட்டுக்குப் போவது என்பதை இனிமேல் தானே முடிவு செய்வது என்று லாம்பர்ட் வெள்ளிக்கிழமை மாலை ஐந்தேகால் மணிக்குத் தீர்மானித்தான். தீர்மானித்ததும் சுற்றுமுற்றும் பார்த்தான். மனைவி பக்கத்தில் இல்லை. அதனால் தீர்மானம் நிலைத்தது.

நிலைத்த இடம் வெண்டலின் வீட்டு முற்றம். அந்த ஊரில் பதினொரு குடும்பங்கள் திராட்சை வளர்த்து, தாங்களே பிழிந்து, தங்கள் முற்றத்திலேயே பெஞ்சு போட்டு ஊற்றிக் கொடுக்கின்றன. எல்லோரும் ஒரே நாளில் திறப்பதில்லை. முறை வைத்துத்தான். யார் முறையோ அவர்கள் வாசலுக்கு மேலே கம்பியில் ஒரு பைன் கொத்து தொங்கும். கொத்து தொங்கினால் யார் வேண்டுமானாலும் கட்டுச்சாப்பாட்டை அவிழ்த்து வைத்துக்கொண்டு உட்காரலாம். தொங்காவிட்டால் கூடப்பிறந்த அண்ணன் வீடாக இருந்தாலும் கதவைத் தொடமாட்டார்கள். அந்த வாரம் கொத்து தொங்கியது இரண்டே வாசலில். தெருக்கோடியில் வெண்டலின் வீடு, மேட்டில் சென்சி அத்தை வீடு.

"டேய் லாம்பர்ட், உன் வீட்டுல யாருடா ராஜா?" என்று கேட்டான் வெண்டலின்.

"நான்தான்."

"அது ரோஸ்விதாவுக்குத் தெரியுமா?"

"சமயம் பாத்துச் சொல்லணும்."

வெண்டலின் சிரித்த சிரிப்பில் அவன் மடியிலிருந்த அக்கார்டியனும் சேர்ந்து ஒரு சத்தம் போட்டது. "சரி மச்சான். ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்குப் பொண்டாட்டி புள்ளையோட இங்க வந்து உக்காரு. நீ ராஜான்னு ஊருக்கே சொல்றேன். வரலைன்னா அறுவடைக்கு முன்னாடி என் நிலவறைல இருக்கிற பன்னெண்டு பீப்பாயையும் நீதான் உள்ள இறங்கித் தேய்ச்சுக் குடுக்கணும்."

"அவ்வளவுதானா?" என்றான் லாம்பர்ட். அப்போது மூன்றாவது கோப்பை நடந்துகொண்டிருந்தது. அந்தப் பீப்பாய்களை அவன் பார்த்திருக்கிறான். ஒவ்வொன்றும் ஓர் அறை அளவு. உள்ளே போகிற வாசல் மட்டும் ஒரு பூனை நுழைகிற அளவு. லாம்பர்ட் பூனை அளவு இல்லை. தபால் சைக்கிளில் தினமும் இருபது மைல் மிதித்தும் அவன் வயிறு மட்டும் வீட்டிலேயே ஓய்வெடுத்ததுபோல் இருக்கும்.

வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட நினைத்தான். ரோஸ்விதா தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தாள். புர்கிக்கு எட்டு மாதம். இரண்டு மாதமாகப் பகலில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் தூங்கியதில்லை. அப்படியே தூங்கினாலும் மூச்சு வருகிறதா என்று பார்க்க ரோஸ்விதா அதன் மூக்கடியில் விரலை வைப்பாள். வருகிறது என்று தெரிந்ததும் ஒரு பெருமூச்சு விடுவாள். அந்தப் பெருமூச்சில் குழந்தை விழித்துக்கொள்ளும். இந்த நிலைமையில் ராஜாங்க விஷயம் பேச முடியாது என்று லாம்பர்ட் போய்ப் படுத்துவிட்டான்.

சனிக்கிழமை காலை ரோஸ்விதா ரொட்டிக்கடைக்குப் போய், வழக்கத்தைவிட அரைமணி நேரம் தாமதமாக, மிகவும் நல்ல முகத்தோடு திரும்பி வந்தாள். மத்தியானச் சாப்பாட்டில் லாம்பர்ட் ஆரம்பித்தான்.

"நாளைக்குக் கட்டுச்சாப்பாடு எடுத்துக்கிட்டு எங்கயாவது போலாமா?"

"நானே சொல்லணும்னு இருந்தேங்க. சென்சி அத்தை வீட்டுக்குப் போலாம்."

"வெண்டலின் வீட்டுக்குப் போலாமே."

"அங்க நிழல் இருக்கா?"

"குடை வச்சிருக்கான்."

"ஒரு குடை. அதுக்கடியில அவன் உக்காந்திருப்பான். அப்புறம் அந்த அக்கார்டியன்."

"அது சங்கீதம்மா."

"போன வருஷம் அந்தச் சங்கீதத்துல அவங்க வீட்டுக் கோழியெல்லாம் முட்டை போடறதை நிறுத்திடுச்சு. அவன் பொண்டாட்டி கெர்லிண்ட் சொன்னா. பாவம், கட்டிக்கிட்டவ, அவளால நிறுத்த முடியுமா?"

கோழிகள் நிறுத்தியது உண்மைதான். ஆனால் அடுத்து ரோஸ்விதா சொன்னதைக் கேட்டு லாம்பர்ட் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது.

"சரி, இப்படிப் பண்ணலாம். நாளைக்குப் போறப்ப அத்தை வீட்டு வாசலைப் பாப்போம். கொத்து தொங்கினா அங்க. தொங்கலைன்னா உங்க இஷ்டம். நீங்க எங்க சொன்னாலும் வாயைத் தொறக்காம வர்றேன்."

"வாயைத் தொறக்காமயா?"

"தொறக்காம."

கல்யாணமாகி நான்கு வருடத்தில் இந்த வாக்கியத்தை அவன் கேட்டதில்லை. கேட்ட மாத்திரத்தில் ஒரு யோசனை பிறந்தது. இவ்வளவு பிரமாதமான யோசனை தனக்கு மட்டும் எப்படி வருகிறது என்று அவனுக்கே ஆச்சரியம். சாயங்காலம் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ரோஸ்விதா மேட்டுப் பக்கம் காற்று வாங்கப் போனபோது அவன் ஏணியைத் தேடினான். ஏணி எப்போதும் விறகுக் குவியலுக்குப் பின்னால் கிடக்கும். அதை எடுக்க விறகையெல்லாம் சரிக்க வேண்டும். இன்று அது வெளியே, வாசல் கதவுக்குப் பக்கத்தில் சாத்தியிருந்தது. தெய்வம் துணை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரம். லாம்பர்ட் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல் கதவைத் திறந்தான். மூன்று வருடமாகப் பன்றி கத்துவதுபோல் கத்துகிற கதவு அது. அன்று வாயே திறக்கவில்லை. துணை இருக்கிற தெய்வம் மூன்று வருடத்துக்குப் பிறகு இன்றுதான் கண் திறந்திருக்கிறது என்று அவன் மெய்சிலிர்த்தான்.

ஏணியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு வந்த அவனைப் பார்த்து சென்சி அத்தை வீட்டு நாய் எழுந்தது. தபால்காரனுக்கு ஊரில் எல்லா நாயும் பழக்கம். லாம்பர்ட் பாக்கெட்டிலிருந்து குடலில் அடைத்த தொத்திறைச்சியில் ஒரு துண்டை எறிந்தான். நாய் அதைத் தின்றுவிட்டு, ஏணிக்குக் கீழே வந்து உட்கார்ந்து, ஒரு மேஸ்திரியைப்போல் வேலையை மேற்பார்வை பார்த்தது. கொத்து கனமாக இருந்தது. பைன் முள் கழுத்துக்குள் போய்க் குத்தியது. ஆனாலும் சத்தம் போடாமல் அவிழ்த்து, தோளில் போட்டு, வீட்டுக்கு வந்து விறகுக்கொட்டகையில் சாக்குக்கு அடியில் ஒளித்தான். மறுபடியும் போய்ப் படுத்து, தூங்குவதுபோல் நடித்து, உண்மையிலேயே தூங்கிப்போனான்.

பதினொரு மணிக்குக் கிளம்பினார்கள். அவள் வண்டியைத் தள்ளினாள். அவன் கூடையைச் சுமந்தான். ரொட்டி, மிளகாய்ப்பொடி போட்டுக் குழைத்த பாலாடைக்கட்டி, புகைபோட்ட பன்றிக்கறி, முள்ளங்கி, அவித்த முட்டை. அடியில் துணி சுற்றி நீளமாக, கெட்டியாக ஏதோ இருந்தது.

"இது என்னம்மா, இவ்வளவு கனம்?"

"அது கடைசியில எடுக்கறதுங்க."

பெரிய தொத்திறைச்சியாகத்தான் இருக்கும் என்று லாம்பர்ட்டுக்கு நாக்கில் நீர் ஊறியது.

மேட்டுக்கு வந்ததும் அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். வெறும் கம்பி. முகத்தை எவ்வளவு சோகமாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு சோகமாக வைத்துக்கொண்டான்.

"ஐயோ, கொத்தைக் காணமே! மூடிட்டாங்க போல. பாவம், நீ எவ்வளவு ஆசையா வந்தே!"

"பரவாயில்லைங்க. சொன்னா சொன்னதுதான். உங்க இஷ்டம். எங்க போலாம் சொல்லுங்க."

"வெண்—" என்று அவன் ஆரம்பித்தான்.

கதவு திறந்தது. சென்சி அத்தை நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. அவளை லாம்பர்ட் ஏப்ரன் கட்டாமல் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பூப்போட்ட கவுன், காதில் தோடு.

"வாங்க தம்பி! ஏன் வாசல்லயே நிக்கறீங்க? காலையில நீங்க வந்தப்ப ஜன்னல்லதான் இருந்தேன். கூப்பிடலாம்னு நெனச்சேன். ஆனா செருப்பைக்கூடக் கையில எடுத்துக்கிட்டு அவ்வளவு பதவிசா வந்தீங்க, ஒரு சத்தம் உண்டா? என் தூக்கம் கெடக்கூடாதுன்னுதானே! எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு."

லாம்பர்ட் கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

"அவர் போயிப் பதினாறு வருஷம் ஆச்சு தம்பி. அதுக்கப்புறம் கொத்து தொங்கற ஒரு ஞாயித்துக்கிழமைகூட நான் உக்காந்து சாப்பிட்டதில்லை. யாராவது வந்துகிட்டே இருப்பாங்க, ஊத்திக்கிட்டே இருப்பேன். நேத்து சாயங்காலம் ரோஸ்விதா வந்து, 'ஒரு நாளைக்குக் கொத்தை இறக்கிட்டு எங்களோட உக்காருங்க அத்தை'ன்னா. ஏணி ஏற முட்டி விடாதேம்மான்னேன். 'அதுக்கென்ன, எங்க வீட்டுக்காரர் இருக்காரு. விடியறதுக்குள்ள வந்து இறக்கிடுவாரு'ன்னா. சொன்ன மாதிரியே வந்தீங்க! இந்தக் காலத்துல எந்த ஆம்பளை செய்வான்?"

லாம்பர்ட் மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"கொத்து பத்திரமா இருக்கா தம்பி?"

"இருக்கு அத்தை," என்றாள் ரோஸ்விதா. "எங்க விறகுக்கொட்டகைல, சாக்குக்கு அடியில. வெயில் பட்டாக் காஞ்சுடும்னு மூடி வச்சிருக்காரு. வாசக்கதவு சத்தம் போடுமேன்னு நேத்தே நான் எண்ணெய் விட்டுட்டேன்." பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "ஏதோ சொல்ல வந்தீங்களே. வெண்… என்னமோ. சொல்லுங்க, உங்க இஷ்டம்தான். நான் வாயைத் தொறக்கல."

லாம்பர்ட் யோசித்தான். உண்மையைச் சொன்னால் தபால்காரன் விடியற்காலையில் ஒரு விதவை வீட்டுக் கொத்தைத் திருடினான் என்று மாலைக்குள் பதினொரு முற்றத்திலும் பேசுவார்கள். சொல்லாவிட்டால் அவன் ஒரு மகான். பதினாறு வருடத்துக்குப் பிறகு தோடு போட்டுக்கொண்ட முகம் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வெண்… வெயிலா இருக்கு," என்றான். "வாங்க, உள்ளயே போவோம்."

"நீங்க சொன்னாச் சரிங்க," என்றாள் ரோஸ்விதா.

உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு, நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், லாம்பர்ட்டுக்குக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. தேடிப் பார்த்தான். வாதுமை மரம் முற்றம் முழுக்க நிழலை விரித்திருந்தது. ஒரே ஒரு மேஜை, அதில் வெளுத்த துணி. சுவருக்கு அந்தப் பக்கம் திராட்சை வரிசைகள் பள்ளத்தில் இறங்கி ஆறு வரைக்கும் போயின. நிலவறையிலிருந்து அத்தை கொண்டுவந்த வெள்ளை ஒயினில் கண்ணாடிக்கு வெளியே பனி பூத்தது. குடித்தால் முதலில் பச்சை ஆப்பிள், தொண்டையில் இறங்கும்போது லேசாக மிளகு. இரண்டே பேர் கையால் பறித்து, ஒரே மனுஷி பிழிந்து, பெயர்ச்சீட்டுகூட ஒட்டாத புட்டி. வெண்டலினின் ஒயின் நல்ல ஒயின்தான். ஆனால் அதைக் குடித்தால் பேசத் தோன்றும். இதைக் குடித்தால் சும்மா இருக்கத் தோன்றியது.

அத்தை உட்கார்ந்தாள். நடுவில் இரண்டு தடவை யாருக்கோ ஊற்ற எழுந்தாள். யாரும் இல்லை என்று நினைவு வந்து சிரித்துக்கொண்டே மறுபடியும் உட்கார்ந்தாள். தெருவில் யாரோ நான்கு பேர் வந்து, வெறும் கம்பியைப் பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் போகும் சத்தம் கேட்டது.

புர்கி தூங்கினாள். பத்து நிமிடம் ஆயிற்று. அரைமணி ஆயிற்று. ரோஸ்விதா விரலைக் குழந்தையின் மூக்கடிக்குக் கொண்டுபோனாள். பாதி வழியில் நிறுத்தினாள். குழந்தையின் வயிற்றுக்கு மேல் போர்த்திய துணி ஏறி இறங்குவதையே பார்த்தாள். விரலை மடக்கி எடுத்துக்கொண்டாள். இரண்டு மாதமாக இறுகியிருந்த அந்தத் தோள்கள் கீழே இறங்கியதை லாம்பர்ட் பார்த்தான்.

இவ்வளவையும் ஒரே சனிக்கிழமையில் யோசித்து முடித்திருக்கிறாளே என்று நினைத்தான். அத்தைக்கு ஓய்வு, குழந்தைக்குத் தூக்கம், ஏணி, எண்ணெய். தபால் இலாகாவை இவளிடம் கொடுத்தால் கடிதம் எழுதுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும். தோற்றதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இன்னொரு ரொட்டித் துண்டை எடுத்துப் பாலாடைக்கட்டியைத் தாராளமாகத் தடவினான்.

தேவாலய மணி இரண்டு அடித்தது. தெருக்கோடியிலிருந்து அக்கார்டியன் சத்தம் மெல்ல மேலே ஏறி வந்தது. அப்போதுதான் அவனுக்குப் பந்தயம் நினைவு வந்தது.

"என்னங்க," என்றாள் ரோஸ்விதா, குழந்தை எழாதபடி குரலைத் தணித்து. "கூடையில அடியில இருக்கறதை இப்ப எடுக்கலாம்."

எடுத்தான். துணியைப் பிரித்தான். தொத்திறைச்சி இல்லை. நீளக் கைப்பிடி, முரட்டு மயிர், புத்தம் புதியது. பீப்பாய் தேய்க்கிற பிரஷ்.

"நேத்துக் காலையில ரொட்டிக்கடைல கெர்லிண்ட் குடுத்தா. பன்னெண்டாமே?" என்றாள் ரோஸ்விதா. அவன் கையிலிருந்த ரொட்டியைப் பதமாக வாங்கித் தன் தட்டில் வைத்துக்கொண்டாள். "போதுங்க. அந்தப் பூனை வாசல்ல நுழையணும்ல?"