கீறல் படாத அம்புகள்

மனித குலம் அம்பைக் கண்டுபிடித்த நாள் முதல் அதை எதில் பாய்ச்சலாம் என்றே யோசித்து வந்திருக்கிறது. அம்பின் நலனைப் பற்றி முதன்முதலாக யோசித்த மாமனிதர் எங்கள் தெரு வில்வித்தைக் கழகத்தின் தலைவர்தான். தொழிலால் பல் டாக்டர். அவருக்குச் செயலாளராக இருக்கும் பேறு எனக்கு வாய்த்தது.

தெருமுனை மைதானத்துக்கு நாங்களும் பக்கத்துத் தெருக் கழகமும் உரிமை கொண்டாடினோம். ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் ஜெயிப்பவர்களுக்கே மைதானம் என்று முடிவாகியிருந்தது. எங்கள் பக்கம் குறி தவறாமல் எய்யத் தெரிந்த ஒரே ஆள் என் மனைவி. மற்ற அனைவரும் நிர்வாகிகள்.

எங்கள் கழகத்துத் தச்சர் தன் கைப்பட இழைத்த புது அம்புகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். என் மனைவி ஆசையாக ஒன்றை எடுத்தாள்.

"கீழ வைம்மா!" என்று தலைவர் அலறினார். "வெறும் மரம்! எனாமல் இல்லாத பல்லு மாதிரி இருக்கு. மழை பட்டா வளைஞ்சிடும், கை ஈரம் பட்டா கறுத்துடும்."

"அப்ப வார்னிஷ் அடிச்சுக் குடுங்க டாக்டர். நான் பழகணும்ல?"

"அடிச்சிடலாம். ஆனா எதை அடிக்கிறது?"

'அவசரக் கூட்டம்' கூடியது. நிறமில்லாத, மரத்தின் ரேகை தெரிகிற பூச்சுதான் வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. ஆகவே விவாதம் நெடுநேரம் நடந்தது. தலைவர் பளபள வார்னிஷ் பக்கம். பொருளாளராகிய தையல்காரர் தேன்மெழுகின் பக்கம். தச்சர் ஆளிவிதை எண்ணெய் போதும் என்றார். அம்பைச் செய்தவரே அவர் என்பதால் 'பாரபட்சம்' கருதி அவர் கருத்து ஏற்கப்படவில்லை.

"கண்ணுக்கே தெரியாத ஒண்ணை அடிச்சிருக்கோம்னு எப்படி நம்புறது?" என்று கேட்டார் பொருளாளர்.

"பளபளன்னு இருக்குமே!"

"என் வழுக்கையும்தான் பளபளங்குது. எவன் வார்னிஷ் அடிச்சான்?"

கூட்டம் அறிவியலை நாடியது. ஆளுக்கொரு பூச்சு பூசிய அம்புகளை வாளித் தண்ணீரில் ஊறவைத்தோம். மொட்டைமாடி வெயிலில் காயவைத்தோம். மேலே டீயைக் கொட்டினோம். கடைசியாகத் தலைவர் ஒவ்வொன்றையும் கடித்துப் பார்த்தார். துறைசார் நிபுணர் என்பதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

"எய்து பார்க்கலாமே?" என்றாள் என் மனைவி. அது நிகழ்ச்சி நிரலில் இல்லை.

வார்னிஷ் வென்றது. எங்கள் வீட்டுத் துணிக்கொடியில் என் சட்டைகளுக்கு நடுவே அம்புகள் கிளிப் மாட்டித் தொங்கின. காய்ந்ததும் தலைவர் வருவார், கன்னத்தில் உரசிப் பார்ப்பார், "இன்னொரு கோட்டு" என்பார். வாரம் முழுக்க என் மனைவி அம்பில்லாத வில்லை இழுத்து இழுத்துப் பழகினாள்.

"ஏங்க, நீங்களாவது அவர்கிட்ட சொல்லக் கூடாதா?"

"செயலாளர்னா தலைவர் சொல்றதை எழுதுறவன். அவருக்குச் சொல்றவன் இல்ல."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எந்த வார்னிஷும் தாங்கியிருக்காது.

சனிக்கிழமை வேலை முடிந்தது. அம்பில் முகம் பார்த்துத் தலைவர் மீசையை ஒதுக்கிக்கொண்டார். சட்டென்று அவர் முகம் வாடியது.

"எல்லாம் சரி. இந்த வார்னிஷை யார் பாதுகாக்கிறது?"

எங்களுக்கு மூச்சே நின்றுவிட்டது. இந்தக் கேள்வி சாமானியர்களுக்குத் தோன்றுமா? தலைவர் வீட்டு சோபா இன்னும் கடைக்காரர் போட்ட கவரோடுதான் இருக்கிறது. டிவி ரிமோட்டுக்கு உறை, உறைக்கு ரப்பர் பேண்டு. சுவர்க்கடிகாரம் அட்டைப்பெட்டியில் இருக்கிறது. மணி பார்க்க வேண்டுமானால் மூடியைத் திறக்க வேண்டும். அதே பரிவோடு ஒவ்வொரு அம்பையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு டேப் ஒட்டினார். நான் கைதட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெருக்காரர்கள் கீறலும் கறையுமான அம்புகளோடு வந்தார்கள். பாவமாக இருந்தது. எங்கள் அம்புகளோ போர்வையில் சுற்றப்பட்டுத் தலைவர் தோளில் வந்தன. என் மனைவி ஒரு உறையைக் கிழித்தாள். தலைவர் கண்ணை மூடிக்கொண்டார்.

எய்தாள். குறிப்பலகையின் நட்டநடுவில் குத்தியது. மைதானமே கத்தியது. தலைவர் பலகையை நோக்கி ஓடினார், பாராட்டத்தான் ஓடுகிறார் என்று நினைத்தோம். அம்பைப் பிடுங்கி மூக்குக்கண்ணாடிக்கு அருகே வைத்துப் பார்த்தார்.

"கீறல்!" அவர் குரல் உடைந்தது. "ஒரே அடியில கீறல்!"

"நடுவுல பட்டிருக்கு டாக்டர்!"

"அதைத்தான் சொல்றேன்! பலகையில படுற மாதிரி ஏம்மா எய்யறே? பக்கத்துல புல்லு மெத்துமெத்துன்னு இருக்கே!"

மீதி அம்புகளை வாரிக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டார். 'பாதுகாப்புக் காரணங்களுக்காக' எங்கள் கழகம் போட்டியிலிருந்து விலகுகிறது என்று நான் முறைப்படி அறிவித்தேன். என் மனைவி வெறும் வில்லோடு நின்றாள். எதிரணித் தலைவியான பேக்கரிக்கார அம்மா தன் அம்பு ஒன்றை அவளிடம் நீட்டினார்.

"இந்தாம்மா, இதுல எய்யி. கீறல் நிறைய இருக்கு, பரவாயில்லையா?"

என் மனைவி என்னை ஒரு முறை பார்த்தாள். நான் போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன். அவள் அந்த அம்பை வாங்கிக்கொண்டாள்.

இப்போது மைதானம் அவர்களுடையது. என் மனைவியும் அவர்கள் அணிதான். பின்னாலேயே தச்சரும் போனார், பொருளாளரும் போனார். எங்கள் அம்புகள் தலைவரின் கிளினிக்கில் கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன. கண்ணாடியில் வெயில் படாமல் திரை போட்டிருக்கிறோம். திரையைத் தூசி தட்டுவது என் பொறுப்பு.

சாயங்காலம் மண்ணும் வியர்வையுமாகச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வருகிற என் மனைவி தினமும் கேட்கிறாள்.

"உங்க அம்புங்க எப்படி இருக்கு?"

"புதுசு மாதிரியே இருக்கு."

"கழகத்துல எத்தனை பேரு இருக்கீங்க?"

"தலைவரும் நானும்."

எத்தனையோ வில்லாளிகளைப் பார்த்திருக்கிறேன். நாணை இழுத்து, மூச்சை அடக்கி, குறிபார்த்து, ஒரு பலகையில் ஓட்டை போடுவார்கள். அவ்வளவுதான் அவர்களால் முடியும். எங்கள் தலைவர் வில்லைத் தொட்டதுகூட இல்லை. அம்புகளை உறைக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஒரு கழகத்தையே சாய்த்துவிட்டார்.